கடைசிக் குழாயின் கணக்கு

நாகர்கோவில் வட்டாரத்தில் காலை நாளிதழைப் புரட்டுகிறவர்களுக்கு அணைகளின் நீர்மட்டம் பழகிப்போன செய்தி. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல் என்று வரிசையாக, தசமப் புள்ளியோடு அச்சில் வரும். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணை வறண்டால் மட்டம் பூச்சியத்துக்குக் கீழே போகும். அப்போது மைனஸ் அடியில் எழுதுவார்கள். வெளியூர்க்காரருக்கு விளங்காத அந்த மைனஸ் கணக்கு இங்கே டீக்கடைப் பேச்சில் சாதாரணமாக அடிபடும்.

அதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது அஞ்சுகிராமம். அங்கே ஒரு தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் இன்று காலை எத்தனை நிமிடம் தண்ணீர் வந்தது, அந்தத் தண்ணீரில் குளோரின் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்ற இரண்டு எண்கள் மட்டும் அச்சில் வருவதில்லை. அணையில் எவ்வளவு இருக்கிறது என்பது விவசாயிக்கு வேண்டிய எண். குடிக்கிறவனுக்கு வேண்டியது குழாயடி எண். நூறாண்டாக முதல் எண்ணைக் கைவிடாமல் எழுதி வந்த ஒரு நாடு இரண்டாவதையும் எழுதப் பழக வேண்டும், அதையும் ஊரின் கடைக்கோடியில் நின்று எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் காரியம் துலங்கும். பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. மூலம் திருநாள் மகாராஜா காலத்துத் திருவிதாங்கூரில், மிஞ்சின் என்ற ஐரோப்பியப் பொறியாளரின் பொறுப்பில் கோதையாற்றின் குறுக்கே எழுந்தது. அணை மாவட்டத்தின் வடமேற்கு மலையடிவாரத்தில். அஞ்சுகிராமம் தென்கிழக்கு மூலையில், அகஸ்தீஸ்வரம் வட்டத்தின் ஓரத்தில்; இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் பகுதி. மேற்கே விளவங்கோடும் கல்குளமும் இரண்டு பருவமழையிலும் நனைகின்றன. கிழக்கே வரவர மழை மெலிந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மண்ணை உலர்த்துகிற நிலம் தொடங்குகிறது. கோதையாற்றுப் பாசனத்துக்கு இது கடைமடை. மடை திறந்த பிறகு தண்ணீர் தங்கள் குளத்துக்கு வந்துசேரும் வரை நாள் எண்ணிக் காத்திருக்கிற பழக்கம் இங்கத்திய விவசாயிக்கு உண்டு. கால்வாயின் கடைசியில் இருப்பவனுக்கு நேரும் நட்டம் வாடிய பயிர். குடிநீர்க் குழாயின் கடைசியில் இருப்பவனுக்கு நேரும் நட்டம் கண்ணுக்குத் தெரியாது.

நிலத்தடி நீரை நம்பலாம் என்றால் அதுவும் எளிதல்ல. அடியில் கடினப் பாறை. வெடிப்புகளில் தேங்கிய அளவுக்குத்தான் தண்ணீர் கிடைக்கும். தெற்கே சில கிலோமீட்டரில் கடல். கரையோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே நகரும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மணக்குடி முதல் குளச்சல் வரை கடலோரக் கிணறுகள் உவர்த்துப்போனதை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. ஆகவேதான் ‘நல்ல தண்ணி’ என்றால் குழாயில் வருவது, ‘உப்புத் தண்ணி’ என்றால் ஆழ்துளைப் போரில் வருவது என்று வீடுகளில் இரண்டு வாளி.

நன்னீருக்கு இங்கே எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1980களின் இறுதியில் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு வேண்டிய நன்னீரைப் பேச்சிப்பாறையிலிருந்து கொண்டுபோவதாகத் திட்டம் இருந்தது. குமரி மாவட்டம் எதிர்த்தது. பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை அங்கேயே நிறுவப்பட்டது. அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது என்பதில் மக்கள் காட்டிய அந்தக் கண்காணிப்பு, குழாய்க்குள் வருவதன் மீது இன்னும் விழவில்லை.

இதில் நிர்வாகச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் ஊராட்சிகள் 95. பேரூராட்சிகளோ ஏறத்தாழ ஐம்பது. அஞ்சுகிராமமும் பேரூராட்சிதான். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்துக்கு மட்டும் உரியது. கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையடக்கச் சோதனைப் பெட்டியால் அவர்களே தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் நல்ல பகுதி. பேரூராட்சி என்ற பெயர்ப்பலகை வந்ததும் ஊர் நகர்ப்புறக் கணக்கில் போய்விடுகிறது. 2021இல் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தின் கீழ் வருகிறது. வயலும் வாழைத்தோட்டமும் தென்னந்தோப்புமாகத் தோற்றத்தில் கிராமம், கோப்பில் நகரம். எல்லைக்கு அந்தப்பக்கம் ஊராட்சியில் ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டி. இந்தப்பக்கம் அதே ஏற்பாட்டை எதிர்பார்க்க விதி இல்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு என்பது ஆறுதல். ஆனால் ஆய்வகம், கொண்டுவந்து கொடுத்த புட்டியைத்தான் சோதிக்கும். எந்தத் தெருவில், எந்தக் குழாயில், எத்தனை மணிக்குப் புட்டி நிரப்பப்பட்டது என்பதில்தான் முடிவின் பாதி அடங்கியிருக்கிறது.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதில் நீண்ட பட்டியல் உண்டு. ஒரு சிற்றூர் தினமும் பார்த்தாக வேண்டியது ஒரே வரி: எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். வைரஸ் தொற்று அச்சம் இருக்கும்போது 0.5. இதைப் பயனாளியின் முனையில் அளக்க வேண்டும் என்று அந்தத் தர ஆவணமே அடிக்குறிப்பில் சொல்கிறது. தொட்டியில் அல்ல, நீரேற்று நிலையத்தில் அல்ல, குடிக்கிறவன் வீட்டுக் குழாயில். இந்த அடிக்குறிப்பை மதித்தாலே பாதி வேலை முடிந்தது.

0.2 என்ற எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு ஏன்? மலக்கிருமியான ஈ.கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது விதி. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் 18 முதல் 24 மணி நேரம் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். முடிவு வரும்போது தண்ணீரைக் குடித்து முடித்திருப்பார்கள். குளோரினை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சிறு குழாயில் தண்ணீர் பிடித்து, டி.பி.டி. மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு ஏறும். நிறத்தின் ஆழத்தை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். பழைய ஆர்த்தோடாலிடின் முறையில் மஞ்சள் வரும். அந்த ரசாயனத்தால் கெடுதி உண்டு என்பதால் அதைக் கைவிடுவது நல்லது. கடைசிக் குழாயில் 0.2 இருந்தால், தொட்டியிலிருந்து அதுவரை வழியில் புகுந்த அழுக்கையெல்லாம் சந்தித்த பிறகும் குளோரின் மிஞ்சி நிற்கிறது என்று பொருள். பூச்சியம் என்றால், வழியில் எங்கோ குளோரின் தீர்ந்துவிட்டது. அல்லது போடவே இல்லை.

போடுவதிலும் கணக்கு இருக்கிறது. ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கலக்க 100 கிராம் குளோரின் வேண்டும். புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 33 சதவீதம்தான் குளோரின். ஆகவே 300 கிராம் பவுடர். ஆனால் மூட்டையைப் பிரித்து, கடற்காற்றும் வெயிலும் படுகிற அறையில் வைத்திருந்தால் வீரியம் வாரந்தோறும் குறையும். 15 சதவீதத்துக்கு இறங்கிய பவுடரை அதே 300 கிராம் போட்டால் லிட்டருக்கு 0.45 மில்லிகிராம்தான் சேரும். தண்ணீரிலுள்ள மண்ணும் இரும்பும், குழாயின் உட்சுவரில் படிந்த வழவழப்பும் முதலில் அதைத் தின்றுவிடும். டேங்க் ஆபரேட்டர் சொன்னதைச் சொன்னபடி செய்திருப்பார். மேற்பார்வையாளர் பார்க்கும் பதிவேட்டில் ‘300 கிராம்’ என்று ஒழுங்காக இருக்கும். கடைசிக் குழாயில் ஒன்றும் இருக்காது. போட்ட அளவைப் பதிவு செய்வதற்கும் மிஞ்சிய அளவைப் பதிவு செய்வதற்கும் இவ்வளவு தூரம்.

வைரசுக்கு 0.5 ஏன் என்று கேட்பவர்கள் 1955 டிசம்பர், 1956 ஜனவரி மாத டெல்லியைப் படிக்க வேண்டும். நஜஃப்கர் கழிவு ஓடையின் நீர் யமுனையில் நகரம் தண்ணீர் எடுக்கும் இடத்தை எட்டியது. குளோரினைக் கூட்டினார்கள், டைபாய்டும் வயிற்றுக்கடுப்பும் பெருகவில்லை. ஆனால் 29,000க்கும் மேற்பட்டோருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கலங்கல் மிகுந்த நீரில் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றது, வைரஸ் தப்பிவிட்டது. மழைக்காலத்தில் கலங்கலை அளக்காமல் குளோரினை மட்டும் அளப்பது போதாது என்பதற்கு அந்தக் குளிர்காலமே சான்று.

இனி நிமிடக் கணக்கு. தரம் வேறு, அளவு வேறு என்று அலுவலகங்களில் இரண்டு கோப்பாக வைத்திருப்பதுதான் பெரிய பிழை என்று நினைக்கிறேன். விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊரில் இரண்டும் ஒன்றே. குழாய் நிறைந்து அழுத்தத்தோடு ஓடும்போது, விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். வால்வை மூடியபின் குழாய் காலியாகும். அப்போது அதே விரிசல் வழியாக வெளியே தேங்கிய சாக்கடை நீர் உள்ளே இறங்கும். மறுநாள் திறந்ததும் முதலில் வருவது அதுதான்.

இதை அளந்து காட்டிய ஊர் கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட். அங்கே சில வார்டுகளுக்கு மட்டும் 24 மணி நேரமும் தண்ணீர். மற்ற வார்டுகளுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை. மூல நீர் ஒன்றே. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமிலி கும்பெல், காரா நெல்சன் இருவரும் ஓராண்டு மாதிரி எடுத்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். இடைவிடாமல் வந்த குழாய்களின் மாதிரிகளில் ஈ.கோலை இருந்தது 0.7 சதவீதத்தில். விட்டு விட்டு வந்த குழாய்களில் 31.7 சதவீதத்தில். ஒரே தண்ணீர் வெவ்வேறு நேரமுறையில் விடப்பட்டதால் வந்த வேறுபாடு இது. விநியோகம் தொடங்கிய முதல் சில நிமிட நீரே மிக மோசம் என்பதும் அவர்களின் ஆய்வுகளில் தெரிந்தது. குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற எவரும் அந்த முதல் நிமிடத்தைக் கீழே விட மனம் ஒப்பமாட்டார்கள், அடுத்த முறை எப்போது என்று தெரியாதபோது.

கடைக்கோடி வீட்டுக்கு இன்னொரு இடைஞ்சல், முன்வீடுகளில் குழாயோடு நேரே மாட்டிய மோட்டார். அது உறிஞ்சும்போது தெருக்கோடியில் அழுத்தம் செத்துப்போகிறது. போதாக்குறைக்கு விரிசல்களின் வழியே அழுக்கையும் இழுக்கிறது. பக்கத்து வீட்டு மோட்டார் குறித்த சண்டை தண்ணீர்ச் சண்டையாக மட்டும் பார்க்கப்படுகிறது. அது சுகாதாரச் சண்டையும்தான்.

அளவு போதுமா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். பாதாளச் சாக்கடை இல்லாத, குழாய்நீர் உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேடு 1999இல் வகுத்த அளவு. ஐந்து பேர் வீட்டுக்கு 350 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் விட்டால், அந்த ஒரு மணி நேரத்தில் 700 லிட்டர் வர வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 லிட்டர். 15 லிட்டர் குடம் ஒன்றேகால் நிமிடத்தில் நிறைய வேண்டும். அதற்கு மேல் ஆனால் அந்த வீட்டுக்கு உரிய பங்கு வரவில்லை. குடம் நிறைய எடுக்கும் நேரத்தைத் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் இப்போதும் மனத்தில் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதைத் தேதியோடு எழுதினால் ஆவணம்.

தண்ணீர் வீட்டுக்குள் வந்தபிறகும் கதை முடிவதில்லை. விட்டு விட்டு வந்தால் சேர்த்து வைக்க வேண்டும். சேர்த்து வைத்தால் கை படும், சொம்பு விழும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்நகர வீடுகளில் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில், பிடித்தபோது இருந்ததைவிடச் சேமித்த நீரில் கிருமி கூடியிருந்தது. 2004இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு செய்தி: பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரில் மாசு மற்றவற்றைவிடக் குறைவு. பித்தளையிலுள்ள செம்பு கிருமியைக் கொல்லும். நம் அடுக்களைகளிலிருந்து பித்தளைக் குடம் பரண் ஏறி, பிளாஸ்டிக் குடம் வந்த காலத்தில்தான் இந்த முடிவும் வந்தது. பித்தளைக் குடம் குளோரினுக்கு மாற்று ஆகாது. ஆனால் பரணில் கிடப்பதை இறக்கி விளக்கினால் நட்டமில்லை.

வீட்டுக்கு வீடு இப்போது டி.டி.எஸ். பேனா வந்திருக்கிறது. கேன் தண்ணீர் விற்கிறவரும் ஆர்.ஓ. விற்கிறவரும் அதைத்தான் நீட்டிக் காட்டுகிறார்கள். அது கரைந்த உப்பின் மொத்தத்தைச் சொல்லும், அவ்வளவே. லிட்டருக்கு 500 மில்லிகிராம் விரும்பத்தக்க எல்லை. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை விடுவார்கள். மலையிலிருந்து வரும் அணைநீர் பேனாவில் மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். அதில் சாக்கடை கலந்திருந்தாலும் பேனாவுக்குத் தெரியாது. போர்த் தண்ணீரில் கவனிக்க வேண்டிய இன்னொன்று நைட்ரேட். எல்லை 45 மில்லிகிராம். இதற்குத் தளர்வே கிடையாது. வயலுரத்திலிருந்தும் கழிவறைக் குழியிலிருந்தும் இறங்குவது. காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. உப்புத் தண்ணி சமையலுக்கு மட்டும்தானே என்று கிணற்றையும் போரையும் சோதிக்காமல் விடுவதற்கில்லை.

இவ்வளவையும் அளந்தால் மட்டும் போதுமா? கனடாவின் வாக்கர்டன் பதில் சொல்லும். ஒன்டாரியோ மாகாணத்தில் ஏறத்தாழ 5,000 பேர் வாழும் சிற்றூர் அது. 2000 மே மாதம் கொட்டிய பெருமழையில், பக்கத்துப் பண்ணையின் சாணம் கரைந்து ஆழமில்லாத 5ஆம் எண் கிணற்றுக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நீதிபதி டெனிஸ் ஓ’கானர் விசாரணை நடத்தினார். எஞ்சிய குளோரினைத் தினமும் அளந்து எழுத வேண்டிய ஊழியர்கள் பல ஆண்டுகளாக அளக்காமலேயே 0.5, 0.75 என்று எழுதி வந்தது வெளிப்பட்டது. தண்ணீரில் ஈ.கோலை இருப்பதாக ஆய்வகம் அனுப்பிய முடிவு நீர்வழங்கல் மேலாளரிடம் மட்டும் போயிற்று. அவர் சுகாதாரத் துறையிடம் மறைத்தார். நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சுகாதார அதிகாரி மே 21 அன்று, காய்ச்சிக் குடியுங்கள் என்று அறிவித்தார். பணக்கார நாடு, தேர்ந்த ஆய்வகம், தினசரிப் பதிவேடு எல்லாம் இருந்தும் அந்தப் பதிவேட்டைப் பார்க்க இரண்டாவது கண் இல்லை.

நம் பக்கத்திலேயே வேங்கைவயல் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில், பட்டியல் சாதி மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. அந்தக் கொடுமையின் சாதிப் பரிமாணம் தனியே விரிவாகப் பேச வேண்டியது. இங்கே ஒன்றை மட்டும் குறிக்கிறேன்: தண்ணீர் கெட்டதை முதலில் காட்டியது குழந்தைகளின் வயிறு. அவர்கள் மருத்துவமனைக்குப் போய், மருத்துவர்கள் தண்ணீரைப் பாருங்கள் என்று சொன்ன பிறகே ஊர்க்காரர்கள் தொட்டியின்மேல் ஏறினார்கள். தினமும் ஒருவர் கடைசிக் குழாயில் குளோரின் பார்த்திருந்தால், அவ்வளவு கழிவும் குளோரினை விழுங்கி எண் பூச்சியத்துக்கு விழுந்திருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது கண்ணுக்கு இந்தியாவிலேயே முன்மாதிரி கிடைக்கிறது. ஒடிசாவின் புரி நகரம் 2021 ஜூலையில் குழாயிலிருந்து நேரே குடிக்கலாம் என்று அறிவித்தது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள், போதாததற்கு ஆண்டு முழுதும் யாத்திரிகர்கள். அங்கே ‘ஜலசாதி’ என்ற பெயரில் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறார்கள், கட்டணம் வாங்குகிறார்கள், குழாய்நீரையும் சோதிக்கிறார்கள். அதற்கு ஊதியம் பெறுகிறார்கள். தண்ணீரின் தரம் பொது இடத்து மின்பலகையில் ஓடுகிறது. மகளிர் குழுக்கள் குமரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. படிப்பறிவில் தமிழ்நாட்டின் முன்வரிசை மாவட்டம் இது. மின்பலகைகூட வேண்டாம், பேரூராட்சி அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை போதும்.

அஞ்சுகிராமத்துக்கு என்ன எழுத வேண்டும் என்று யோசித்தால் பட்டியல் சிறிதாகவே வருகிறது. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் பாதையிலும் கடைசி வீடு எது என்று முதலில் குறித்துக்கொள்வது. தண்ணீர் விடும் நாள்தோறும் அந்த வீட்டில் வந்த நேரம், நின்ற நேரம், குடம் நிறைந்த நேரம், குளோரின். முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று என்று குளோரினை இரண்டு முறை பார்த்தால் விரிசல் உள்ள பாதை தானே காட்டிக்கொடுத்துவிடும். கிருமிச் சோதனைக்கு 5,000 பேருக்கு மாதம் ஒரு மாதிரி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்தப் புட்டியும் கடைசிக் குழாயில் நிரம்பட்டும். இடையில் சந்தேகம் வந்தால், குவாலியர் ராணுவ ஆய்வகத்தில் மாஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் வகுத்து 1982இல் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு புட்டி இருக்கிறது. தண்ணீர் நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கலப்பு இருக்கும்போது ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். பள்ளி ஆய்வகத்திலேயே செய்யக்கூடியது.

எண் பூச்சியம் என்று வந்தால் எழுதியவரைத் திட்டக்கூடாது என்பதையும் விதியாக்க வேண்டும். வாக்கர்டனில் 0.5 என்று பொய் எழுதவைத்தது, விதி கேட்கும் எண்ணை எழுதியிருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற ஏற்பாடு. டேங்க் ஆபரேட்டர்கள் பல ஊர்களில் குறைந்த ஊதியத்தில், அதிகாலையிலும் நள்ளிரவிலும் வால்வு திருப்புகிறவர்கள். பூச்சியத்தை எழுதத் துணிகிறவரே ஊருக்கு வேண்டியவர். அந்தப் பூச்சியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது பவுடர் வாங்கித் தருகிறவரும், உடைந்த குழாயை மாற்ற நிதி ஒதுக்குகிறவரும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்தபோது நீரேற்றும் மோட்டார்கள் நின்றன. பல ஊர்களில் நாள்கணக்கில் குழாய் வறண்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணியை நம்பிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் குலைந்தன. இரண்டுமே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நடந்தவை. கலங்கல் ஏறுவதும், குளோரின் சீக்கிரம் தீர்வதும், மின்சாரம் போவதும், காலிக் குழாயில் வெளிநீர் இறங்குவதும் இந்த மூன்று மாதங்களில்தான் ஒன்றுசேர்கின்றன. ஆகவே அக்டோபர் பிறக்கும் முன்பே புதிய பவுடர் மூட்டையும் டி.பி.டி. மாத்திரையும் அஞ்சுகிராமத்துக்கு வந்துசேர்ந்து, தினக் கணக்கு தொடங்கிவிட வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பிய முதல் விநியோகத்தின் எண், மற்ற எல்லா எண்ணுக்கும் மேலே, பலகையின் தலைவரியில் எழுதப்பட வேண்டும்.